கத்தரி யார் கையில்?

(மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டிலேயே பாவாடையும் கவுனும் தைத்துக்கொள்வது பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "இது கூட்டம் போட்டுப் பேசுகிற சமாச்சாரமா, டீச்சர்?" என்று ஒருவர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் இரண்டு கேள்விகள். வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள். பாதி அவைக்கு மேல் தூக்கியிருக்கிறீர்கள், சந்தோஷம். இப்போது இரண்டாவது கேள்வி. கடையில் கிழித்து வாங்கிய புதுத்துணியை நீங்களே அளவெடுத்து, நீங்களே வெட்டி, உடுத்திக்கொள்ளும்படி தைத்தவர்கள் எத்தனை பேர்? முன்வரிசையில் இரண்டு பாட்டிமார், நடுவில் நாலைந்து பேர். அவ்வளவுதான்.

மற்ற வீடுகளில் மெஷின் என்ன வேலை பார்க்கிறது என்று எனக்குத் தெரியும். புடவைக்கு ஃபால்ஸ் வைக்கும், பிரிந்த தையலைப் போடும், தலையணை உறை தைக்கும். மீதி நாளெல்லாம் அதன் மேல் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி குவிந்து கிடக்கும். மெஷின் நம் வீட்டுக்குள் வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. கத்தரிதான் இன்னும் டெய்லர் கடையிலேயே இருக்கிறது. ஏன் அப்படி ஆயிற்று, அதை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது, இந்த இரண்டைத்தான் பேச வந்திருக்கிறேன்.

இந்த ஊரில் இருந்துகொண்டு தையலைப் பற்றிப் பேசும்போது மெப்ஸை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1984இல் மெட்ராஸ் ஏற்றுமதிச் செயலாக்க மண்டலமாக (MEPZ) வந்தது. 2003இல் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. அங்கே எத்தனையோ வகைக் கம்பெனிகள் உண்டு; ஆயத்த ஆடைக் கம்பெனிகளும் உண்டு. ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வெளிநாட்டுக் கடைகளில் தொங்கும் சட்டைகளைத் தைத்த கைகள் உங்களை இடித்துக்கொண்டு ரயில் ஏறும். அப்படி ஒரு பெண் என்னிடம் தையல் வகுப்புக்கு வந்தார். பவர் மெஷினில் பல வருடம் வேலை செய்தவர். அவருடைய நேர்த்தையலைப் பார்த்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி இருக்கும். "அப்புறம் எதுக்கும்மா கத்துக்க வந்தே?" என்றேன். "டீச்சர், எனக்கு கஃப் மட்டும்தான் தெரியும். என் பொண்ணுக்கு ஒரு கவுன் வெட்டத் தெரியாது" என்றார்.

அது அவர் குறையல்ல. ஃபேக்டரியின் ஏற்பாடே அதுதான். கட்டிங் செக்‌ஷனில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே மார்க்கர் தாளைப் போட்டு, மின்கத்தியால் ஒரே தடவையில் வெட்டிவிடுவார்கள். வெட்டிய துண்டுகள் பண்டில் கட்டி லைனுக்கு வரும். ஒருவர் காலர், ஒருவர் பாக்கெட், ஒருவர் தோள், ஒருவர் பக்கத்தையல். டார்கெட் முடிக்க வேண்டுமானால் ஒரே வேலையைத்தான் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். முழுச் சட்டை ஒரு பெண்ணின் கையில் உருவாவதே இல்லை.

அரசாங்க ஏற்பாடும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது. பெண்கள் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள்தான் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையைத் தைத்துக் கொடுக்கிறார்கள். வெட்டிய துணியை வாங்கிப்போய் வீட்டில் தைத்துத் திருப்பித் தருகிறார்கள். சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கும் திட்டமும் இருக்கிறது. இரண்டும் நல்ல காரியங்கள். எத்தனையோ வீடுகளில் உலை கொதிப்பது இவற்றால்தான். ஆனாலும் கொடுக்கப்படுவது மெஷின். வெட்டு அங்கேயும் வேறிடத்தில்தான் நடக்கிறது.

இதற்குக் கொஞ்சம் பழைய காரணமும் உண்டு. நம்முடைய புடவைக்கும் வேட்டிக்கும் தறியிலிருந்து இறக்கியபோதே உருவம் வந்துவிட்டது. கத்தரிக்கு அங்கே வேலை இல்லை. தையல்காரர்கள் இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரத்தில் புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளர் வரிசையில் துன்னகாரர் என்ற தையல்காரர்கள் வருகிறார்கள். ஆனால் சாதாரணக் குடும்பத்துக்கு அளவெடுத்து வெட்டிய உடுப்பு அன்றாடத் தேவையாக இருக்கவில்லை.

உடுப்புக்காகவே ரத்தம் சிந்திய ஊரும் நம்மிடம் உண்டு. தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் உங்களுக்குத் தெரியும். அந்த உரிமைக்குப் பல பத்தாண்டுகள் போராடிய பிறகு, 1859இல்தான் மன்னரிடமிருந்து அறிவிப்பு வந்தது. அதே வட்டாரத்தில், நாகர்கோவிலில், மிஷனரி மால்ட்டின் மனைவி மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு ஊசி வேலையும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசாதான் பிறகு கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியில் அதே வேலையைத் தொடர்ந்தவர். கால்டுவெல்லின் இலக்கணத்தைப் பற்றி எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறோம். எலைசாவின் ஊசிக்கும் ஒரு கூட்டம் போடலாம்.

அடுத்தது மெஷின். 1830இல் பிரான்சில் திமோனியே என்ற தையல்காரர் ஒரு மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். பாரிசில் ராணுவ உடுப்புத் தைக்க அதைப் போட்டபோது, பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையல்காரர்கள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். அமெரிக்காவில் 1846இல் எலியாஸ் ஹோவும், 1851இல் ஐசக் சிங்கரும் காப்புரிமை பெற்றார்கள். சிங்கர் கம்பெனி செய்த பெரிய வேலை தவணை முறையில் விற்றதுதான். கையில் காசில்லாத வீட்டுக்குள்ளும் மெஷின் நுழைந்தது. நம் நாட்டில் 1930களில் கல்கத்தாவில் உஷா மெஷின் வந்தது.

காந்திக்கும் இதில் ஓர் இடம் உண்டு. 1924இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர், நீங்கள் எல்லா இயந்திரத்துக்கும் விரோதியா என்று அவரிடம் கேட்டார். சிங்கர் மெஷினுக்கு விலக்கு உண்டு என்றார் காந்தி. மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்த அன்பில் பிறந்த இயந்திரம் அது என்று காரணமும் சொன்னார். இளைஞர் விடவில்லை. அந்த மெஷினைச் செய்யப் பெரிய ஃபேக்டரி வேண்டுமே என்று மடக்கினார். ஆமாம், ஆனால் அந்த ஃபேக்டரி அரசாங்கத்தின் கையில் இருக்கட்டும் என்று காந்தி இறங்கிவந்தார். அந்த ராமச்சந்திரன்தான் பின்னால் டாக்டர் சௌந்தரத்தை மணந்து, 1947இல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்.

இனி நான் முக்கியமாகக் கருதும் விஷயம். மெஷினால் மட்டும் அமெரிக்க வீடுகளில் தையல் பரவிவிடவில்லை. 1863இல் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர், வெவ்வேறு அளவுகளில் காகிதப் பேட்டர்ன்களை விற்க ஆரம்பித்தார். முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் எல்லாம் தனித்தனித் தாளாக இருக்கும். அதைத் துணி மேல் வைத்துக் குண்டூசி குத்தி வெட்டிக்கொள்ளலாம். டெய்லரின் தலைக்குள் இருந்த கணக்கு தாளில் ஏறி, சமையலறை மேஜைக்கு வந்துவிட்டது.

நம்மிடம் தாளுக்குப் பதிலாக என்ன இருந்தது? அளவு ப்ளவுஸ். சிரிக்கிறீர்கள், ஆனால் அதுதான் உண்மை. நன்றாகப் பொருந்திய ஒரு பழைய ப்ளவுஸைத் துணியோடு சேர்த்துப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவோம். "இதே அளவு, கழுத்து மட்டும் ஒரு இன்ச் இறக்கம்." டேப்பைத் தொடாமல் காரியம் முடிந்துவிடும். கூச்சத்துக்கும் அது வசதி. ஆனால் நம் உடம்பின் அளவு நமக்கே தெரியாமல் போனது அதனால்தான். அளவு ப்ளவுஸ் கடையில் தொலைந்துபோனால் நாம் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டுமே!

பேட்டர்ன் வரையச் சொல்லிக்கொடுக்காமலும் இல்லை. லோயர், ஹையர் தையல் தேர்வு எழுதிய பெண்களுக்குத் தெரியும். பிரவுன் தாளில் டிராஃப்ட் போடுவோம். பொம்மைக்குப் போடுகிற அளவில் குட்டிக் குட்டி ஜாக்கெட், குட்டி ஃப்ராக் தைத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவோம். மார்க் வாங்கி, சர்ட்டிபிகேட் வாங்கியதும் நோட்டு பரணுக்குப் போய்விடும். அந்த டிராஃப்ட்டைத் தன் சொந்த அளவுக்குப் பெரிதாக்கி ஒரு தடவையாவது வெட்டிப் பார்த்தவர்கள் சிலபேர்தான். பரணில் அந்த நோட்டு இன்னும் இருந்தால் நாளைக்கே இறக்குங்கள். அதில் இருப்பது முழுக் கல்வி.

ரெடிமேடு இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். பணம் மிச்சமாகும் என்று நான் சொல்லமாட்டேன். ரங்கநாதன் தெருவில் விற்கிற விலைக்கு வீட்டில் தைத்துவிட முடியாது. துணி, நூல், லைனிங், ஜிப் என்று கூட்டிப்பார்த்தால் சில சமயம் அதிகமாகவே வரும். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. எஸ், எம், எல் என்று வரும் அளவுகள் நம்மை அளந்து போட்டவை அல்ல. இந்தியர்களுக்கென்று ஓர் அளவு அட்டவணை வேண்டுமென்று தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட் 'இந்தியா சைஸ்' என்ற ஆய்வைத் தொடங்கியது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் திட்டம். தேர்ந்தெடுத்த ஊர்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். சென்னை இல்லை. தரமணியில் அவர்களுடைய கல்லூரியே 1995இலிருந்து இருக்கிறது. வெளிநாட்டுக்கெல்லாம் சட்டை தைக்கும் மெப்ஸ் இங்கே இருக்கிறது. அளவெடுக்க மட்டும் நம் ஊர் ஞாபகத்துக்கு வரவில்லை. போகட்டும், நம்மிடம் இஞ்ச் டேப் இருக்கிறது.

இன்னொரு லாபம் பாக்கெட். பையன் சட்டைக்கும் டவுசருக்கும் சேர்த்து நாலு பாக்கெட் வைக்கிறார்கள். பெண்பிள்ளையின் பாவாடைக்கு ஒன்று கிடையாது. ரயில் பாஸையும் போனையும் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். பக்கத்தையலில் பாக்கெட் வைப்பதற்கு ஒரு சாண் துணியும் கால் மணி நேரமும் போதும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? பெரும்பாலானவர்கள் ப்ளவுஸில் ஆரம்பித்து, கைக்குழி இழுக்கிறது, கழுத்து தூக்குகிறது என்று மனம் நொந்து மெஷினை மூடிவிடுகிறார்கள். ப்ளவுஸ் கடினமான உடுப்பு. டார்ட், பட்டி, கைக்குழி எல்லாம் உடம்போடு ஒட்டி நிற்கவேண்டும். கால் இன்ச் தவறினால் காட்டிக்கொடுக்கும். முதல் வருடம் ப்ளவுஸை டெய்லரிடமே விட்டுவிடுங்கள். அவருக்கும் பிழைப்பு நடக்கவேண்டும். நீங்கள் பாவாடையில் ஆரம்பியுங்கள். அதற்கு இரண்டே அளவு: இடுப்பு, உயரம்.

இருபத்து நாலு இன்ச் இடுப்பும் முப்பது இன்ச் உயரமும் வேண்டிய ஒரு பெண்குழந்தைக்குச் சுருக்கப் பாவாடை என்று வைத்துக்கொள்வோம். சுருக்கம் அழகாக விழ இடுப்பைப் போல் மூன்று மடங்கு சுற்றளவு வேண்டும், அதாவது எழுபத்திரண்டு இன்ச். முப்பத்தாறு இன்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள காட்டனில் இரண்டு துண்டு எடுத்தால் கணக்குச் சரியாக வந்துவிடும். ஒவ்வொரு துண்டின் நீளம்: உயரம் முப்பது, கீழ்மடிப்புக்கு மூன்று, மேலே அரை. இதோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு டக் பிடிப்பதற்கு நாலு இன்ச் சேர்த்து முப்பத்தேழரை வையுங்கள். இடுப்புப் பட்டியோடு சேர்த்து இரண்டேகால் மீட்டர் வாங்கினால் தாராளம்.

அந்த டக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பட்டுப் பாவாடையின் அடிப்பாகத்தில், பார்டருக்கு மேலே, சுற்றிலும் ஓடும் மடிப்பு ஞாபகம் இருக்கிறதா? அழகுக்கு வைத்தது என்றுதான் சின்ன வயதில் எல்லோரும் நினைத்திருப்போம். ஓர் இன்ச் டக்குக்குள் இரண்டு இன்ச் துணி ஒளிந்திருக்கிறது. பிள்ளை வளர்ந்ததும் ஒரு டக்கைப் பிரித்துவிட்டால் அடுத்த தீபாவளிக்கும் அதே பாவாடை. பிரித்த இடத்தில் துணி புதுசு போலப் பளிச்சென்று இருக்கும். மேலும் கீழும் கொஞ்சம் வெளுத்திருக்கும். எந்தப் பாவாடையைப் பார்த்தாலும் அந்தக் கோட்டை வைத்து எத்தனை வருடப் பாவாடை என்று சொல்லிவிடுவார்கள் அந்தக் காலத்துப் பெண்கள். ரெடிமேடில் டக் வைக்கமாட்டார்கள். வைத்தால் அடுத்த வருடம் யார் கடைக்குப் போவது?

பழைய புடவை இருந்தால் இன்னும் சுலபம். ஐந்தரை மீட்டர் சுங்குடியோ செட்டிநாட்டுக் காட்டனோ, முந்தானைப் பக்கம் கிழிந்திருக்கும். உடல் நன்றாக இருக்கும். பார்டரைக் கீழே வைத்து வெட்டினால் கீழ்மடிப்பே தேவையில்லை. அம்மாவுக்கு ஒரு பாவாடையும் மகளுக்கு ஒரு பாவாடையும் வரும்.

கல்லூரிப் பெண்கள் அம்ப்ரெல்லா, அதாவது வட்டப் பாவாடை கேட்பார்கள். அதிலும் பயப்பட ஒன்றுமில்லை. இடுப்பளவை 6.28ஆல் வகுத்தால் நடுவட்டத்தின் ஆரம் கிடைக்கும். பள்ளியில் படித்த வட்டத்தின் சுற்றளவுதான். இருபத்தைந்து இன்ச் இடுப்பென்றால் ஆரம் நாலு இன்ச். ஐம்பத்தெட்டு இன்ச் பன்னாவில் ஒன்றரை மீட்டர் வாங்கி, நாலாக மடித்து, மடிப்பு மூலையில் டேப்பின் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சாக்பீஸால் இரண்டு வளைவு போடுங்கள். முதல் வளைவு மூன்றரை இன்ச்சில். அரை இன்ச் தையலுக்குப் போக இடுப்பு சரியாக வரும். இரண்டாவது இருபத்தொன்பது இன்ச்சில். முழங்காலுக்குக் கீழே வரும் பாவாடை தயார். ஒரு பக்கம் கீறி ஜிப் வைக்க வேண்டும். ஆனால் உடனே ஓரம் அடித்துவிடாதீர்கள். வட்டத்தில் சில இடங்களில் துணி மூலைவாட்டில் வெட்டுப்பட்டிருக்கும். அங்கே தன் எடையால் இழுபட்டு இறங்கும். ஒரு ராத்திரி கொடியில் தொங்கவிட்டு, மறுநாள் ஏற்ற இறக்கத்தைச் சரியாக்கி வெட்டிவிட்டு அடியுங்கள். அவசரத்தில் தைத்துக் கொடுத்த அம்ப்ரெல்லா பாவாடை ஒரு பக்கம் தொங்குவது இதனால்தான்.

மூன்றாவதாக நைட்டி. இந்தப் புறநகரின் தேசிய உடை அதுதான், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். காலையில் பால் வாங்க, குப்பை வண்டிக்கு ஓட, மேலே ஒரு துண்டு போட்டுக்கொண்டால் அண்ணாச்சி கடைவரைக்கும் அதே உடுப்பு. சித்திரை வெயிலில் இதைவிடப் புத்திசாலித்தனமான உடை கிடையாது. நைட்டி தைக்கத் தெரிந்தவருக்குக் கழுத்தும் கையும் வெட்ட வந்துவிட்டது என்று அர்த்தம். அதையே முழங்காலோடு நிறுத்தினால் கவுன், இடுப்பில் வெட்டிச் சுருக்கம் வைத்தால் ஃப்ராக்.

மெஷின் இல்லாதவர்கள் புதுசாக வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இரும்பு மெஷின்கள் வரும். பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள். எங்கும் தட்டாமல் சுற்றவேண்டும். பாபின் கேஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துண்டுத் துணியைக் கையோடு கொண்டுபோய் நாலு விரல்கடை தைத்துப் பாருங்கள். அடிநூல் சுருண்டு மேலே வந்தால் டென்ஷன் பிசகியிருக்கிறது, அது சரிசெய்யக்கூடியதுதான். காட்டனுக்குப் பதினாலாம் நம்பர் ஊசி, மெல்லிய துணிக்குப் பதினொன்று. முனை மழுங்கிய ஊசியை வைத்துக்கொண்டு மெஷினைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

துணிக்கு ரயில் இருக்கிறது. 1931இலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடுகிறது. மாம்பலத்தில் இறங்கினால் தி.நகர், கடற்கரை வரை போனால் கோடவுன் தெருவின் மொத்தக் கடைகள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு நம் சண்முகம் சாலை.

இந்த நகருக்கு 2021இல் மாநகராட்சி என்ற பெயர் வந்துவிட்டது. மாநகராட்சியிடம் என் கோரிக்கை ஒன்று உண்டு. சமுதாயக் கூடம் ஒவ்வொன்றிலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு கட்டிங் மேஜை போட்டுக் கொடுங்கள். பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கிற பெண்ணுக்கு மெஷின் வைக்க இடம் கிடைத்துவிடும். ஒன்றரை மீட்டர் துணியை விரிக்க இடம் கிடைக்காது. தரையில் குனிந்து வெட்டி முதுகு பிடித்துக்கொண்டு விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர். இலவச மெஷின் வழங்கும் அதிகாரிகளிடம் இன்னொன்று: மெஷினோடு ஐந்தாறு அளவுகளில் பாவாடை, கவுன், சுடிதார் பேட்டர்ன் தாள்களையும் அச்சடித்துக் கொடுங்கள். மெஷின் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆடித் தள்ளுபடியில் இரண்டேகால் மீட்டர் காட்டன் எடுங்கள். தண்ணீரில் நனைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுவிட்டுத்தான் வெட்டவேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கிப்போகும். அளவைப் பழைய செய்தித்தாளில் வரைந்து வெட்டி, பெயரும் தேதியும் எழுதி மடித்துவையுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் ஆரம்பிக்காதீர்கள், புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். வீட்டில் இரண்டு கத்தரி வேண்டும், ஒன்று காகிதத்துக்கு, ஒன்று துணிக்கு. துணிக் கத்தரியைப் பால் பாக்கெட் வெட்ட யாரும் எடுக்காதபடி பூட்டி வையுங்கள்.